பிழைக்கு ஒரு விலை

நூல் பாடத் தொடங்கும் புலவர் முதலில் அவையை வணங்குவது தமிழ் மரபு. தம் சொல்லிலும் பொருளிலும் குற்றம் இருப்பின் சான்றோர் பொறுத்தருள வேண்டும் என்னும் கருத்தில் சில பாடல்களை முன்னே வைப்பார். அதற்கு அவையடக்கம் என்று பெயர். உமறுப் புலவரின் சீறாப்புராணமும் இம்மரபுக்கு விலக்கன்று. நாம் ஓதிய அரபுக் கிதாபுகளின் முகவுரைகளிலும் இதே பணிவு வேறு ஆடையில் வந்து நிற்கும். குறை காண்பவர் திருத்திக்கொள்ளட்டும், எழுதியவனுக்காக துஆச் செய்யட்டும் என்று ஆசிரியர் வேண்டிக்கொள்வார். கேட்க இனிமையான வேண்டுகோள்தான். ஆனால் நடைமுறையில் நிகழ்வது என்ன? பிழை உண்டென்று ஆசிரியர் பொதுவாக ஒப்புக்கொள்கிறார். எந்தப் பக்கத்தில் எந்தப் பிழை என்பது அவருக்கும் தெரியாது. வாசகர் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்கிறார். இருவர் உள்ளமும் நிறைகின்றது. பிழை மட்டும் தன் இடத்தை விட்டு அசையாமல் அடுத்த பதிப்பிலும், அதற்கடுத்த பதிப்பிலும் குடியிருக்கின்றது.

பொறுத்தருள்க என்று கேட்பது எவ்வகைக் கடனுக்குப் பொருந்தும்? மனிதன் மீதுள்ள கடமைகளை நம் ஃபிக்ஹு நூல்கள் இரண்டாகப் பிரித்துப் பேசுகின்றன. ஒன்று அல்லாஹ்வின் ஹக்கு. மற்றொன்று அடியார்களின் ஹக்கு. முன்னதில் தவறியவன் மனம் வருந்தி மீண்டால் மன்னிப்புக்கு வழியுண்டு. பின்னதில் அவ்வளவு போதாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அல்லது உரியவரே மனமுவந்து விட்டுக்கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டாரின் வேலியை நகர்த்தி வைத்தவன் இரவெல்லாம் நின்று தொழுதாலும் வேலி தானாகப் பழைய இடத்துக்குப் போய்விடாது. கற்பிக்கும் நூலில் உள்ள பிழை இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது? அதை நம்பிப் படித்த மாணவன் இழந்த நேரமும், அதை நம்பிக் கணக்கிட்டவன் இழந்த பொருளும் யார் மீது கடன்?

இக்கேள்வியை ஆராய நாம் எடுத்துக்கொள்ளும் நூல் வாசக அன்பர்களுக்குச் சற்று வியப்பளிக்கலாம். அது கணிப்பொறிக்கு நிரல் எழுதக் கற்பிக்கும் ஆங்கில நூல். 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' என்பது அதன் பெயர். கணிப்பொறி நிரலாக்கக் கலை என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டொனால்ட் கனூத், 1938-இல் பிறந்தவர். முதல் தொகுதி 1968-இலும், இரண்டாவது 1969-இலும், மூன்றாவது 1973-இலும் வெளிவந்தன. 1974-இல் கணிப்பொறித் துறையின் தலைசிறந்த விருதான டியூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. 1999-இல் 'அமெரிக்கன் சயண்டிஸ்ட்' என்னும் இதழ் ஒரு நூற்றாண்டின் அறிவியலை உருவாக்கிய நூல்கள் என ஏறத்தாழ நூறு நூல்களைப் பட்டியலிட்டபோது இதனையும் அவற்றுள் சேர்த்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கணிப்பொறித் தொழிலில் இருக்கின்றனர். அவர்களைக் கேட்டால் இந்நூலின் பெயரை மரியாதையோடு சொல்வார்கள். முழுவதும் படித்தாயா என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்கள். நம் வீடுகளின் கண்ணாடி அலமாரிகளில் தங்க எழுத்து மின்ன வரிசையாக நிற்கும் தஃப்ஸீர்த் தொகுதிகளை நினைத்துக்கொண்டு, நாம் அவர்களைக் குறை சொல்லாமல் விட்டுவிடுவதே நல்லது.

நம் கவனம் இந்நூலின் பக்கம் திரும்பியது ஒரு பெயரால். உறவுப் பிள்ளை ஒருவர் முதல் தொகுதியைக் கொண்டுவந்து, அதன் தொடக்கப் பக்கங்களை விரித்துக் காட்டினார். முதல் அத்தியாயம் 'அல்காரிதம்' என்னும் சொல்லின் வரலாற்றைக் கூறித் தொடங்குகின்றது. ஒரு கணக்கைப் பிசகின்றி முடிப்பதற்கு முறையாக ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய படிகளின் தொகுதிக்கு அப்பெயர். கணிப்பொறி செய்யும் வேலை அனைத்துக்கும் அதுவே உயிர். அச்சொல்லின் மூலம் ஒரு மனிதரின் ஊர்ப் பெயர்: அபூ அப்துல்லாஹ் முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மீ. கலீஃபா மாமூனின் ஆட்சியில், அதாவது 813-க்கும் 833-க்கும் இடைப்பட்ட காலத்தில், பக்தாதில் விளங்கிய அறிஞர். இந்திய எண்களைக் கொண்டு கணக்கிடும் முறை பற்றி அவர் எழுதிய நூல் 12-ஆம் நூற்றாண்டில் லத்தீன் மொழிக்குச் சென்றது. அங்கே அவர் பெயர் 'அல்கோரிஸ்மி' எனத் திரிந்து, நாளடைவில் கணக்கிடும் முறைக்கே பெயராகிவிட்டது. அந்நூலின் அரபு மூலம் இன்று கிடைக்கவில்லை.

அவருடைய மற்றொரு நூல் 'அல்-ஜப்ரு வல்-முகாபலா'. ஐரோப்பியர் 'அல்ஜிப்ரா' என்று வழங்குவது இதன் முதற் சொல்லைத்தான். உடைந்த எலும்பைப் பொருத்திக் கட்டுவதற்கு அரபியில் ஜப்ரு என்பர்; எலும்பு வைத்தியருக்கு முஜப்பிர் என்று பெயர். சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கழிவாக நிற்பதை மறுபக்கத்தில் கூட்டி முழுமையாக்குவதை அவர் ஜப்ரு என்றார். இருபுறமும் உள்ளவற்றை எதிரெதிரே வைத்து ஒத்தவற்றை நீக்குவதை முகாபலா என்றார். மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த இரண்டாம் சொல் வேறோர் இடத்திலும் அறிமுகமானது. கைப்பிரதியொன்றை அதன் மூலத்தோடு வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்க, எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கும் வேலைக்கும் முகாபலா என்றே பெயர். ஒப்பிட்டு முடித்த இடத்தில் ஓரத்தில் 'பலக' என்று குறிப்பார்கள். திருத்திச் சேர்த்த சொல்லின் பக்கத்தில் 'ஸஹ்ஹ' என்று எழுதுவார்கள். சமன்பாட்டைத் தீர்ப்பதற்கும் பிழை களைவதற்கும் ஒரே சொல் அமைந்திருப்பது நம்மைச் சிந்திக்க வைத்தது.

அல்-ஜப்ரு நூல் எதற்காக எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். வாரிசுரிமை, வஸிய்யத், பாகப்பிரிவினை, வழக்கு, வாணிபம், நிலம் அளத்தல், கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்குகளை எளிதாகச் சொல்வதே நோக்கம் என்று அவர் முகவுரையில் கூறுகிறார். நூலின் பெரும்பகுதி வஸிய்யத்துக் கணக்குகளே. ஃபராயிள் ஓதிய எவரும் அறிவர்: இங்கே ஓர் எண் மாறினால் ஓர் அநாதையின் பங்கு குறையும். ஆசிரியர் துஆக் கேட்டுக்கொண்டதால் அந்தப் பங்கு திரும்பி வந்துவிடாது.

கனூத் செய்தது இதுதான். தம் நூலில் எவர் பிழை கண்டு தமக்கு முதலில் எழுதுகிறாரோ, அவருக்குப் பணம் தருவதாக நூலிலேயே அறிவித்தார். அச்சுப் பிழையாயினும், கணக்குப் பிழையாயினும், வரலாற்றுப் பிழையாயினும் சரி. தொடக்கத்தில் சிறிய தொகையாக இருந்தது. பின்னர் 2 டாலர் 56 காசு என்று நிலைத்தது. 256 காசுக்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு. நாம் பத்துப் பத்தாக எண்ணுகிறோம். கணிப்பொறித் துறையினர் பதினாறு பதினாறாக எண்ணும் முறையொன்றைக் கையாளுகின்றனர். அம்முறையில் 100 என்று எழுதினால் அது நம் கணக்கில் 256. நூறு காசு ஒரு டாலர் என்றால், பதினாறின் கணக்கில் நூறு காசு 256 காசு ஆகிறது. பிழையன்றிப் பயனுள்ள யோசனை சொல்வோருக்கு 32 காசு. பணத்தை அவர் தம் வங்கிக் கணக்கிலிருந்து, தம் கையெழுத்திட்ட காசோலையாக அனுப்பி வந்தார்.

பெற்றவர்களில் பெரும்பாலோர் அதை வங்கியில் மாற்றவில்லை. கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டனர். மத்ரஸாவில் ஸனது பெற்றவர் அதைப் பாதுகாப்பது போல! பிற்காலத்தில் வங்கிக் கணக்கு எண்களை வைத்து மோசடி செய்வோரின் கை நீண்டதால், 2008-இல் உண்மைக் காசோலை அனுப்புவதை அவர் நிறுத்தினார். அதன்பின் ஸான் ஸெரிஃப் என்னும் கற்பனைத் தீவின் வங்கியில் பிழை கண்டவரின் பெயரில் வைப்புத்தொகை இருப்பதாகச் சான்றிதழ் அனுப்பலானார். இல்லாத தீவு, இல்லாத வங்கி. ஆயினும் அச்சான்றிதழுக்கு ஆசைப்படுவோர் குறையவில்லை.

இதில் நம் மனத்தைக் கவர்ந்தது பணமன்று. பிழையைக் குறித்து அவர் கொண்ட எண்ணமே. கனூத் பொறுத்தருளுமாறு கேட்கவில்லை. சுட்டிக்காட்டுமாறு கேட்டார், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார். அவையடக்கத்தில் ஆசிரியர் தாழ்ந்து நிற்கிறார், வாசகர் உயர்ந்து நிற்கிறார். இருவருக்கும் இடையில் அருள் என்ற ஒன்று கைமாறுகின்றது. இங்கே இருவரும் கடைத்தெருவில் நிற்பவர்கள் போல் சமமாக நிற்கின்றனர். இவர் சரக்கில் குறை கண்டார். அவர் விலையைத் தந்தார். அடியார்களின் ஹக்கை நிறைவேற்றும் முறை இதுவே என்று அவர் அறிந்திருக்க நியாயமில்லை. அவர் கிறிஸ்தவ சமயப் பற்று மிக்கவர். தம் வேதத்தைப் பற்றித் தனியே ஒரு நூலும் எழுதியிருக்கிறார். ஆனால் எந்த வழியாக வந்தாலும் வந்து சேர்ந்த இடம் சரியானதே.

நிரல் கற்பிக்கும் நூலில் இது ஏன் இத்தனை தேவையாயிற்று என்பதற்கும் காரணம் உண்டு. மனிதன் மனிதனுக்கு எழுதுவதில் சிறு பிழை நேர்ந்தால் படிப்பவன் இட்டு நிரப்பிக்கொள்கிறான். கடிதத்தில் ஒரு புள்ளி விடுபட்டால் தாய்க்கு மகனின் செய்தி புரியாமல் போவதில்லை. கணிப்பொறிக்கு இந்த ஊகம் கிடையாது. சொன்னதைச் செய்யும், சொல்ல நினைத்ததைச் செய்யாது. ஒன்றைக் கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டாமல் விட்டால், அது கோடி முறை அவ்வாறே விட்டுவிடும். நூலை நம்பிய மாணவன் இரவு முழுவதும் தன் அறிவைச் சந்தேகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆசிரியரின் ஓர் எழுத்துப் பிழை ஓர் இளைஞனின் தன்னம்பிக்கையைத் தின்றுவிடக்கூடும். அந்த இரவுக்கு 2 டாலர் 56 காசு ஈடாகுமா என்றால் ஆகாதுதான். ஆனால் தவறு உன்னுடையதன்று, என்னுடையது என்று ஆசிரியரே கையெழுத்திட்டுத் தரும் சீட்டுக்கு வேறு மதிப்பு உண்டு.

இனி, நம்மவர் எழுப்பக்கூடிய முதல் தடை அதபு பற்றியது. உஸ்தாதின் பிழையை மாணவன் சுட்டுவதா? நம் மத்ரஸாக்களில் எந்த மாணவரும் 'ஹஜ்ரத், நீங்கள் சொன்னது தவறு' என்று சொன்னதில்லை, சொல்லவும் மாட்டார். ஆனால் அறிவுள்ள மாணவர் சும்மாவும் இருந்ததில்லை. 'ஹஜ்ரத், இந்த இடம் விளங்கவில்லை' என்பார். உஸ்தாது மறுபடியும் இபாரத்தைப் பார்ப்பார். பார்த்ததும் விளங்கிவிடும், யாருக்கு விளங்கவில்லை என்பது! கல்லச்சில் வந்த பழைய கிதாபுகளில் சில எழுத்துகள் மங்கியும் மாறியும் இருக்கும். இப்படிக் கேட்டுக் கேட்டே தலைமுறை தலைமுறையாக அவை சரியாக ஓதப்பட்டு வந்தன. சில அச்சகத்தார் நூலின் கடைசியில் 'கத்தஉ', 'ஸவாப்' என்று இரு பத்தி போட்டுப் பிழையையும் திருத்தத்தையும் அட்டவணையாகத் தருவதுண்டு. அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, பாடம் தொடங்கு முன்பே கிதாபில் திருத்திக்கொள்ளும் மாணவரைப் பார்த்தால் நமக்கு இன்றும் மனம் குளிர்கின்றது.

முன்னோர் இதில் நம்மைவிடத் துணிவுள்ளவர்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் 'ரிஸாலா' என்னும் நூலை அவர்களின் மாணவர் முஸனீ (ரஹ்) அவர்கள் ஆசிரியர் முன்னிலையில் எண்பது முறை ஓதியதாகவும், ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு பிழை தென்பட்டதாகவும், இறைவனின் வேதம் தவிர வேறெந்த நூலும் பிழையற்றதாய் இருப்பதை அல்லாஹ் நாடவில்லை என்று இமாம் அவர்கள் கூறியதாகவும் ஒரு செய்தி உண்டு. நம்மில் பலர் இச்செய்தியின் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, பிழை இயல்புதானே என்று ஆறுதல் அடைகிறோம். எண்பது முறை என்பதை மறந்துவிடுகிறோம். எழுதிய ஆசிரியரும் ஓதிய மாணவரும் எண்பது முறை உட்கார்ந்த பிறகு சொல்லப்பட்ட சொல் அது. ஒரு முறையும் திருப்பிப் பார்க்காதவன் சொல்வதற்குரியதன்று.

இரண்டாவது தடை பணம் பற்றியது. அறிவுக் காரியத்தில் காசைக் கொண்டுவந்து வைப்பது அதன் மானத்தைக் குறைப்பதாகாதா என்று கேட்கலாம். தொகை பெரிதாக இருந்திருந்தால் நாமும் அப்படியே சொல்லியிருப்போம். ஆயிரம் டாலர் என்றால் வாசகர் அறிவுக்காகப் படிக்காமல் வேட்டைக்காகப் படிப்பார். எது பிழை எது பிழையன்று என வழக்கு மூளும். தொகையே இல்லையென்றால், திருத்தம் மீண்டும் வாசகர் ஆசிரியருக்கு இடும் தருமமாகிவிடும். ஒரு வேளைச் சிற்றுண்டிக்குக்கூடப் போதாத இச்சிறு தொகை இரண்டுக்கும் நடுவே நிற்கின்றது. ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டையை நாம் காண்கிறோம். கடன்பட்டவரே நீதிபதியாகவும் அமர்ந்திருக்கிறார். பிழையென்று அவர் ஒப்பினால்தான் காசோலை. அவர் நேர்மையானவர் என்பதால் காரியம் நடந்தது. ஏற்பாடு சிறந்தது என்பதால் மட்டுமன்று.

நேர்மைக்குச் சான்று நூலுக்குள்ளேயே இருக்கின்றது. குவாரிஸ்ம் என்பது இன்றைய கீவா என்னும் சிறு நகரம் என்றே முந்தைய பதிப்புகளில் அவர் எழுதியிருந்தார். ஒரு நாட்டையே ஊராகச் சுருக்கிவிட்ட பிழை அது. 1979-இல், அப்போது சோவியத் ஆட்சியில் இருந்த உஸ்பெகிஸ்தானில், கீவாவுக்கு அருகிலுள்ள உர்கன்ச் நகரில், அல்-குவாரிஸ்மீயின் மண்ணிலேயே அல்காரிதம் பற்றிய ஓர் அறிஞர் மாநாடு கூடியது. ரஷ்ய அறிஞர் எர்ஷோவும் கனூத்தும் அதன் அமைப்பாளர்கள். 1997-இல் வந்த மூன்றாம் பதிப்பில் கீவா நகரம் அந்த வாக்கியத்திலிருந்து நீங்கிவிட்டது. ஆரல் கடல் முன்னாளில் குவாரிஸ்ம் ஏரி எனப்பட்டது என்றும், குவாரிஸ்ம் அதன் தெற்கே ஆமூ நதிப் படுகையில் உள்ள நிலப்பகுதி என்றும் திருத்தம் பெற்றது. நிரல் எழுதக் கற்கும் மாணவனுக்கு இது எவ்விதத்திலும் தேவையற்ற செய்தி. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், ஆனாலும் திருத்தினார்.

பெயரகராதியிலும் இதே கவனம். தாம் எடுத்துக்காட்டும் அறிஞர் ஒவ்வொருவரின் பெயரையும், முதலெழுத்துகளோடு நிறுத்தாமல், நடுப்பெயர் உட்பட முழுமையாகத் தேடித் தருகிறார். இஸ்னாதில் ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய முஹத்திஸீன்கள் தந்தை பெயரும் பாட்டன் பெயரும் ஊரும் தேடி அலைந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

பயிற்சிக் கணக்குகளின் அமைப்பும் ஓர் ஆசிரியர் என்ற முறையில் நமக்குப் பிடித்தது. ஒவ்வொரு பயிற்சிக்கும் பூஜ்யம் முதல் ஐம்பது வரை ஒரு மதிப்பெண் இட்டிருக்கிறார். நொடியில் சொல்லக்கூடியது பூஜ்யம். உலகில் எவரும் இதுவரை விடை காணாதது ஐம்பது. எண்ணியலில் பெயர்பெற்ற ஃபெர்மாவின் இறுதித் தேற்றத்தை ஐம்பது மதிப்பெண்ணோடு ஒரு பயிற்சியாகவே வைத்திருந்தார். முந்நூற்றைம்பது ஆண்டுகளாக நிறுவப்படாத அத்தேற்றத்தை ஆண்ட்ரூ வைல்ஸ் என்பவர் நிறுவி 1995-இல் வெளியிட்டார். அடுத்த பதிப்பில் மதிப்பெண் நாற்பத்தைந்தாகக் குறைந்தது! சிரித்துவிட்டுக் கடந்து போகலாம். ஆனால் இதில் ஓர் ஆழமான நேர்மை இருக்கின்றது. தமக்குத் தெரிந்தது, பிறருக்குத் தெரிந்தது, எவருக்கும் தெரியாதது என்ற மூன்றையும் கலக்காமல் மாணவன் முன் வைப்பது எல்லா ஆசிரியர்க்கும் கைவருவதன்று.

காசோலையால் தீராத குறைகளும் உண்டு. நூலில் நிரல்கள், கனூத் தாமே கற்பனையாகப் படைத்த 'மிக்ஸ்' என்னும் ஒரு பொறியின் அடிமட்ட மொழியில் எழுதப்பட்டுள்ளன. அதைக் கற்றுக்கொண்டுதான் நூலுக்குள் நுழைய வேண்டும். இதனால் வாயிலிலேயே திரும்பிப் போனவர்கள் ஏராளம். கணிதம் கடினம், நடை செறிவானது. இவற்றைப் பிழையென்று எழுதி அனுப்பினால் 256 காசு வருமா? வராது. நூலுக்குள் வந்தவன் தடுக்கி விழுந்தால் நஷ்டஈடு உண்டு. படியேற முடியாமல் வெளியே நின்றவனுக்கு ஒன்றுமில்லை. எளிதாகவும் பயனுள்ளதாகவும் உள்ளதை மட்டும் எழுத முனைந்த அல்-குவாரிஸ்மீ இந்த ஒன்றில் கனூத்தைவிட மேலானவர் என்று நாம் கருதுகிறோம்.

இதனினும் பெரிய கேள்வி காலத்தைப் பற்றியது. 1962-இல் ஒப்பந்தம் செய்தபோது, பன்னிரண்டு அத்தியாயங்களில் ஒரே நூல் என்பது திட்டம். 1965-இல் கையெழுத்துப் பிரதி மூவாயிரம் பக்கத்தை எட்டியது. ஐந்து கையெழுத்துப் பக்கம் ஓர் அச்சுப் பக்கமாகும் என்று அவர் எண்ணியிருக்க, ஒன்றரைப் பக்கமே ஓர் அச்சுப் பக்கமாகும் எனத் தெரிந்தது. எனவே ஏழு தொகுதிகள் என்று திட்டம் விரிந்தது. மூன்று தொகுதிகள் ஐந்தாண்டுக்குள் வந்துவிட்டன. பிறகு, 1977-இல், இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்குரிய அச்சுப்படி அவர் கைக்கு வந்தது. பழைய ஈய எழுத்து அச்சு போய்ப் புதிய ஒளியச்சு முறை வந்திருந்தது. எழுத்துகளின் அழகின்மை அவரால் தாங்க முடியாததாயிற்று. நூலை ஒதுக்கி வைத்துவிட்டு, அழகாக அச்சுக்கோக்கும் நிரல் ஒன்றைத் தாமே எழுதத் தொடங்கினார். சில மாதங்களில் முடியும் என்று எண்ணிய வேலை ஏறத்தாழப் பத்தாண்டுகளை விழுங்கிற்று. 'டெக்' என்னும் அந்நிரலை விலையின்றி உலகுக்குக் கொடுத்தார்; கணித அறிஞர்கள் இன்றளவும் தம் கட்டுரைகளை அதில்தான் அச்சுக்கோக்கின்றனர். ஆனால் நான்காம் தொகுதி? மூன்றாவது வந்த 1973-க்குப் பின் முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, 2011-இல், அதன் முதற்பகுதி வந்தது. இரண்டாம் பகுதி 2022-இல். ஐந்தாம் தொகுதி இன்னும் வரவில்லை.

இடையில் பழைய தொகுதிகளைத் திருத்துவதை அவர் விடவில்லை. 1990 ஜனவரி முதல் நாளோடு மின்னஞ்சலைத் துறந்தார். நம் வயதில், ஐம்பத்தைந்தில், பேராசிரியப் பணியிலிருந்து முன்கூட்டியே விலகி நூலுக்கென்றே அமர்ந்தார். ஆயினும் 1973-இல் மூன்றாம் தொகுதியை வாங்கிவிட்டு நான்காவதுக்குக் காத்திருந்த மாணவனுக்கு அது கைக்கு வந்தபோது தலை நரைத்திருக்கும். அவனுக்கு ஹக்கு இல்லையா? வாங்கியவனுக்குப் பிழையற்ற நூல் கடன். காத்திருப்பவனுக்கு வராத நூல் கடன். ஒன்றைத் தீர்க்கச் செலவிடும் ஒவ்வொரு நாளும் மற்றொன்றிலிருந்து எடுத்ததே.

ஃபிக்ஹில் இதற்கு ஒரு வழிகாட்டல் உண்டு. கடனைத் தீர்ப்பது வாஜிபு. வாக்குறுதியை நிறைவேற்றுவது மிகவும் விரும்பத்தக்கது. ஆனால் பெரும்பாலான ஃபுகஹாக்களிடம் அது கடனைப் போன்ற கட்டாயமன்று. வெளிவந்த நூலின் பிழை கடன். வரப்போகும் தொகுதி வாக்குறுதி. இந்த அளவுகோலால் பார்த்தால் கனூத் வைத்த வரிசை சரியானதே. நாம் அவர் பக்கமே சாய்கிறோம். ஆனால் முழு மனத்தோடு என்று சொல்ல இயலாது. பிழை திருத்தத்துக்குச் செலவான ஆண்டுகளை நாம் கடனில் எழுதுவோம். எழுத்தின் அழகுக்குச் செலவான பத்தாண்டுகளை எந்தப் பக்கத்தில் எழுதுவது? அவர் அதை உலகுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டதால் அது ஸதகத்துல் ஜாரியா போன்றது என்று உறவுப் பிள்ளை வாதிட்டார். காத்திருப்பவனின் பணத்தில் ஸதகா செய்யலாமா என்று நாம் கேட்டோம். அவ்வாதம் இன்னும் முடியவில்லை.

டெக் நிரலிலும் பிழைக்குப் பரிசு உண்டு. அது ஆண்டுதோறும் இரட்டித்து 327 டாலர் 68 காசு வரை ஏறி நின்றது. அதன் பதிப்பு எண்களை அவர் விசித்திரமாக அமைத்தார். மூன்று, பிறகு 3.1, பிறகு 3.14 என்று, வட்டக் கணக்கில் வரும் 'பை' என்னும் எண்ணின் இலக்கங்கள் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒன்றாக நீள்கின்றன. 2021-இல் அது 3.141592653 ஆயிற்று. தாம் இறந்தபின் பதிப்பு எண்ணை முடிவற்ற 'பை' என்றே மாற்றிவிட வேண்டும், அதன்பின் எவரும் எதையும் திருத்தக்கூடாது, எஞ்சிய பிழைகள் அந்நிரலின் இயல்புகளாகவே கொள்ளப்பட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்.

இதைப் படித்தபோது நாம் திகைத்தோம். நம் சட்டத்தில் இறந்தவரின் கடன், வாரிசுகள் பங்கு பிரிக்கும் முன்பே அவர் விட்டுச்சென்ற பொருளிலிருந்து தீர்க்கப்பட வேண்டும். இவரோ, கடனாளி போனால் கணக்கைப் பூட்டிவிடுங்கள் என்கிறார். அவர் சொல்லும் காரணமும் உண்டு: இன்று அச்சுக்கோத்த பக்கம் ஐம்பதாண்டு கழித்தும் எழுத்து நகராமல் அவ்வாறே வர வேண்டும், பலர் கை பட்டால் அது இயலாது. திருத்த விரும்புவோருக்கு வாசலை அவர் அடைத்துவிடவும் இல்லை. நிரலை எடுத்துக்கொண்டு எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். ஆனால் மாற்றியதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும், டெக் என்று அழைக்கக்கூடாது என்பது அவர் நிபந்தனை. நாம் ஓதிய கிதாபுகளிலும் மத்னின் எழுத்தில் பின்வந்தோர் கை வைத்ததில்லை. அது சட்டத்துக்குள் அப்படியே நிற்க, அவர்கள் தங்கள் பெயரைப் போட்டு ஓரத்தில் ஹாஷியா எழுதினார்கள்.